நல்லாருக்குன்னு நான் சொன்ன தண்ணி

போன மாதம் நம் வகுப்புக்காரிகள் பதினோரு பேரும் வேன் பிடித்துத் தனுஷ்கோடிக்குப் போனோம் இல்லையா? அங்கே இடிந்த சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா அவித்த மக்காச்சோளம் விற்றார். ஆளுக்கு ஒன்று வாங்கினோம். என் கையில் வந்த கதிரை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் மணி நெருக்கமாக இருந்தது, மறுபக்கம் பொக்கை வாய் மாதிரி அங்கங்கே இடைவெளி. "பூவெடுக்கிற நேரத்துல இதுக்கு ஒரு தண்ணி தவறியிருக்கு" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். "முப்பத்தஞ்சு வருசம் தபாலாபீஸ்ல முத்திரை குத்துனவளுக்குச் சோளத்தப் பத்தி என்னடி தெரியும்?" என்று ஒருத்தி கேட்டாள். நானும் சிரித்தேன். அதற்குள் வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.

தெரிந்தது ஒரே ஒரு பருவத்தில்தான். அதற்குப் பிறகு நான் வயலில் இறங்கியதே இல்லை. அந்தப் பருவத்தை இதுவரை உங்கள் யாரிடமும் சொன்னதும் இல்லை. நேரில் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் ஊர் தொண்டியிலிருந்து மேற்கே ஏழெட்டு மைல். கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வாடைக் காற்று அடிக்கிற நாட்களில் கொடியில் காய்கிற சேலையை நாக்கால் தொட்டால் கரிக்கும். ஊரில் யார் கிணறு வெட்டினாலும் உப்புத்தான் வரும். நல்ல தண்ணீர் வந்தது எங்கள் வயல் கிணற்றில் மட்டும்தான். அதைச் சுற்றியிருந்த ஐந்து வீடுகளுக்கும் குடிதண்ணீர் அதுதான். மற்றவர்கள் ஒன்றரை மைல் நடந்து ஊருணிக்குப் போவார்கள். அந்த ஐந்து வீட்டுப் பெண்களுக்கு மட்டும் தலையில் சும்மாடு வைத்த தழும்பு கிடையாது என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள்.

அந்த வருசம் ஐப்பசியில் ஒரு வாரம் மழை பெய்தது. அவ்வளவுதான். கண்மாயில் முழங்கால் தண்ணீர். நாற்றங்கால் மஞ்சள் பூத்துக் காய்ந்தது. ஊர்க்கூட்டம் போட்டுப் பேசினார்கள். இருக்கிற தண்ணீர் ஆடுமாடு குடிக்க, யார் வயலுக்கும் மடை திறக்கக் கூடாது என்று முடிவானது.

அப்போதுதான் விவசாய ஆபீசர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சைக்கிளில் வருவார். கைப்பிடியில் தொங்கும் பழுப்புப் பையில் ஒரு வண்ணப்படம் வைத்திருப்பார். உரித்த மக்காச்சோளக் கதிர், மஞ்சள் மணிகள் வரிசை பிசகாமல். நாங்கள் கம்பு பார்த்திருக்கிறோம், கேழ்வரகு பார்த்திருக்கிறோம். அந்தக் கதிரைப் பார்த்ததில்லை. "நெல்லுக்கு விடுறதுல பாதித் தண்ணி போதும். நூறு நாள்ல வீட்டுக்கு வந்துரும். கிணத்தடி வயல்ல போட்டுப் பாருங்க" என்றார்.

அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அய்யா நெல் வைத்த ஆள். அவருடைய அய்யாவும் நெல் வைத்தவர். வயலில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்க வேண்டும், அதில் வானம் தெரிய வேண்டும். அதுதான் அவருக்கு விவசாயம். இருந்தும் அந்த வருசம் குதிரில் நெல் இல்லை. அம்மா கஞ்சியில் பருக்கையை எண்ணிப் போடுகிற நிலைமை. சரி என்றார். தை பிறந்ததும் கிணற்றடியில் ஒரு ஏக்கர் சொச்சத்தில் விதை ஊன்றினார்கள். ஊரே வந்து வரப்பில் நின்று பார்த்தது. "யானைக்குத் தீனி போடப் போறாரு" என்று பேச்சு.

இந்த இடத்தில் என் அத்தையைச் சொல்ல வேண்டும்.

அத்தை அய்யாவுக்கு ஒரே தங்கச்சி. அவளை மாரியூர்ப் பக்கம் ஒரு கடலோர ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பத்து வருசம் அங்கே இருந்துவிட்டு, அந்தக் கார்த்திகையில் ஒரு துணிமூட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். பிள்ளை இல்லை. மாமா இன்னொருத்தியைக் கூட்டி வந்துவிட்டார். யாரும் அவளை அனுப்பவில்லை, அவளாகத்தான் கிளம்பி வந்தாள். ஊருக்குப் பொறுக்காத விசயம் அதுதான். விரட்டி விட்டிருந்தால் பாவம் என்றிருப்பார்கள். தானே வந்ததால், "இருக்கத் தெரியாதவ" என்றார்கள்.

எங்கள் வீட்டில் அவளை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அவள் பேசினால் யாரும் பதிலும் சொல்வதில்லை. அவள் பேசி முடித்ததும் அய்யா என்னைப் பார்த்து வேறு ஏதாவது கேட்பார். அது எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது, நான் பேசும்போது என் மகன் போனைப் பார்க்கிறானே, அப்போது புரிகிறது.

விதை ஊன்றிய மூன்றாம் நாள் விடுவதற்கு உயிர்த்தண்ணி என்று பெயர். மாடு கட்டிக் கமலையில் இறைத்தார் அய்யா. நெல்லுக்கு விடுகிற மாதிரி நிற்க விட்டார். ஒரு வாரத்தில் முளை வந்தது, பள்ளமான பக்கத்தில் எல்லாம் மஞ்சளாகத் தலை கவிழ்ந்தது. அய்யா, தண்ணி பத்தலை என்று இன்னும் விட்டார். அத்தை ஒருநாள் காலையில் மண்வெட்டியை எடுத்துப் போய்ப் பள்ளத்து வரப்பை வெட்டித் தேங்கிய தண்ணீரை வெளியே விட்டுவிட்டாள்.

"யாரைக் கேட்டு வெட்டுன?" என்றார் அய்யா.

"அண்ணே, நெல்லு தண்ணியில நிக்கும். இது நிக்காது. வேரு மூச்சு முட்டிச் சாகுது. நனைஞ்சாப் போதும்."

அய்யா என்னைப் பார்த்து, "பள்ளிக்கூடம் போகலையா?" என்று கேட்டார். ஆனால் வெட்டிய வரப்பை மறுபடி அடைக்கவில்லை. நாலு நாளில் பயிர் பச்சை ஏறியது. அதைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை.

மாசி முடியும்போது பயிர் என் உயரத்தைத் தாண்டிவிட்டது. உள்ளே புகுந்தால் இலை கையைக் கிழிக்கும். சுற்றிலும் பச்சை, மேலே கொஞ்சமாக வானம். காற்று வந்தால் காகிதம் கசக்குகிற மாதிரிச் சத்தம். வாரத்துக்கு ஒருநாள் கமலை. இரண்டு மாடும் பின்னால் நடந்து முன்னால் வந்து, பின்னால் நடந்து முன்னால் வந்து, பத்துமணி வெயில் ஏறுவதற்குள் நுரை தள்ளிவிடும். அவிழ்த்து நிழலில் கட்டுவார்கள். மாடு இளைப்பாறுகிற நேரத்தில் கிணறு ஊறிவிடும். அதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. மாட்டுக்குக் களைப்பு வந்தது, அதனால் கிணறு பிழைத்தது. இதை நான் கண்டுபிடிக்க நாற்பது வருசம் ஆயிற்று.

பங்குனி வெயில் அந்த வருசம் கொடுமை. உச்சியில் பூ தலைகாட்டியது. ஆபீசர் வந்து ஒரு செடியைப் பிடித்துக் காட்டினார். "இங்க பாருங்க, கதிர் நுனியில பட்டு நூல் மாதிரி வருது. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு மணி. இந்தப் பதினஞ்சு நாள்ல மண்ணு காஞ்சா நூலு காஞ்சிரும். நூலு காஞ்சா மணி இல்லை. இதுவரைக்கும் நீங்க பட்ட பாடெல்லாம் வீண்."

அய்யாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே தேவகோட்டைக்குப் பஸ் ஏறிப் போய், என் தாய்மாமாவிடமிருந்த ஆயில் இஞ்சினை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பச்சைப் பெயின்ட் அடித்தது, ஒரு பெரிய இரும்புச் சக்கரம் வைத்தது. அதைச் சுற்றிவிட்டால் முதலில் கரும்புகை கக்கும், பிறகு டுக்கு டுக்கு டுக்கு என்று ஊர் முழுக்கக் கேட்கும். தொட்டியில் தண்ணீர் வந்து விழுகிற வேகத்தில் என் கால் வழுக்கியது. டீசல் வாசனையும் ஈர மண் வாசனையும் கலந்து வரும் அந்த வாசனை, இன்றைக்கும் எங்காவது வந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். ஆனால் அன்று அது திருவிழா வாசனை. எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் தொட்டியில்தான் கிடந்தோம்.

அத்தை இஞ்சினைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். பிறகு அய்யாவிடம் வந்தாள்.

"அண்ணே, இத ஒரு மணி நேரம் ஓட்டி, ரெண்டு மணி நேரம் நிறுத்து. அடிவரைக்கும் இறைக்காத."

அய்யா இஞ்சின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் இருந்த ஊர்ல கடற்கரை மணல்ல முழங்கை ஆழம் தோண்டுவோம். நல்ல தண்ணி ஊறும். சிரட்டையில மேலாக்க அள்ளணும். ஆசைப்பட்டு இன்னும் ஒரு சாண் தோண்டுனா உப்பு மேல ஏறிரும். பெறகு அந்த ஊத்தை மூடிட்டு வேற எடம் பாக்கணும். நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல மெதந்துக்கிட்டுக் கெடக்குண்ணே. நம்ம கெணறும் அப்படித்தான்."

"அந்த ஊர்ச் சங்கதியை எல்லாம் இங்கன கொண்டாராத" என்றார் அய்யா.

அந்த ஊர் என்று அவர் சொன்ன விதத்தில் அத்தையின் பத்து வருசமும் இருந்தது. அவள் வயலுக்குள் இறங்கினாள். வயலின் கிழக்கு ஓரத்தில், பயிர் வரிசை நிற்கிற மண்மேடுகளாக, ஆறு சின்னப் பார்கள் இருந்தன. அந்த ஆறுக்கும் இஞ்சின் தண்ணீர் போகாமல் மண் போட்டு அடைத்துவிட்டாள். கண்மாய்க் குட்டையிலிருந்து விடிந்ததும் குடத்தில் கொண்டுவந்து அவற்றுக்கு ஊற்றினாள். பாருக்குப் பார் நடுவில் ஓடுகிற பள்ளம்தான் சால். எல்லாச் சாலுக்கும் ஊற்ற மாட்டாள். இன்றைக்கு ஒரு சால் விட்டு ஒரு சால், அடுத்த முறை விட்டுப்போன சால். ஊற்றின ஈரத்தின் மேல் பழைய வைக்கோலைப் பரப்பிவிடுவாள். அய்யா பார்த்தார், தடுக்கவில்லை. கிறுக்குச்சி என்று நினைத்திருப்பார்.

என்னைத் தொட்டியடியில் உட்கார வைத்தது அத்தைதான். "ஏத்தா, அப்பப்ப ஒரு கை ஏந்தி நாக்குல விட்டுப் பாரு. துளி கரிச்சாலும் ஒரு சத்தம் குடு. நான் ஓடி வந்து நிறுத்தச் சொல்றேன். மாட்டேன்னா அவரு காலைப் பிடிக்கிறேன்." அவளுக்கு வேறு யாரும் இல்லை. என் நாக்கைத்தான் நம்பினாள்.

முதல் இரண்டு நாள் தண்ணீர் எப்போதும் போல இருந்தது. மூன்றாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம். இஞ்சின் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் பாறை தெரிகிற அளவுக்குப் போய்விட்டது. நான் கை ஏந்தினேன். குடித்தேன். ஒரு மாதிரி வழவழப்பாக இருந்தது. அடிநாக்கில் கரித்தது. மறுபடி ஏந்திக் குடித்தேன். சந்தேகமே இல்லை.

வாயைத் திறந்தபோது அய்யா வரப்பில் வந்துகொண்டிருந்தார். கூட விவசாய ஆபீசர், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். யானைத் தீனி என்று சிரித்த அதே ஆட்கள். இப்போது பயிரைத் தடவிப் பார்த்து, "அடேயப்பா" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். அய்யா சிரித்துக்கொண்டிருந்தார். ஐப்பசிக்குப் பிறகு நான் அவர் பல்லைப் பார்த்தது அன்றுதான். தொட்டிக்கு வந்து என் தலையில் கை வைத்தார்.

"இவ அத்தை இவளைக் காவலுக்குப் போட்டிருக்கா. தண்ணி உப்பாயிருமாம்" என்று அவர்களிடம் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். "எப்படித்தா இருக்கு தண்ணி?"

தூரத்தில் கிழக்கு ஓரத்தில் அத்தை குடத்தை இறக்கி வைத்துவிட்டு எங்களைப் பார்த்து நின்றாள்.

"நல்லாருக்குய்யா" என்றேன்.

அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அத்தை தோற்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, அவளைப் பற்றி அந்த நேரத்தில் நினைக்கவே இல்லை. அய்யா என் தலையில் வைத்த கையை எடுக்கக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். அய்யா குனிந்து தானும் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். வாயைத் துண்டால் துடைத்தார். "கேட்டீங்கள்ல?" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

இஞ்சின் அன்று சாயங்காலம் வரை ஓடியது. அதற்கு மறுநாளும், அதற்கு மறுநாளும் ஓடியது.

ஒரு வாரத்தில் இலையின் ஓரம் எல்லாம் தீயில் காட்டின மாதிரிக் கருகியது. வெளிர் பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்த பட்டு நூல் பழுப்பாகி முறுக்கிக்கொண்டது. அய்யா, தண்ணி பத்தலை என்று மறுபடி இஞ்சினைச் சுற்றினார். விட விடக் கருகல் ஏறியது. அதே வாரம் பக்கத்து வீட்டு அக்கா உலையில் வைத்த சோற்றை ஒரு தட்டில் போட்டு எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார். "உப்பே போடலை மதினி. நீங்களே தின்னு பாருங்க" என்று அம்மாவிடம் நீட்டினார். அம்மா ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

ஐந்து வீட்டுப் பெண்களும் மறுநாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்கு நடந்தார்கள். ஒன்றரை மைல் போக, ஒன்றரை மைல் வர. என் அம்மாவும் நடந்தார்.

யார்மேல் பழி விழுந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இஞ்சின்மேல் இல்லை. அய்யாமேல் இல்லை. "உப்பாகும் உப்பாகும்னு ஓதுனால்ல, ஆயிருச்சு" என்றார்கள். "வாழாம வந்தவ கெணத்தடியில நின்னா வேற என்ன ஆகும்" என்று எங்கள் வாசலில் நின்று, அவள் காது கேட்கவே ஒரு பெரியவர் சொன்னார். அய்யா அப்போது உள்ளே உட்கார்ந்திருந்தார். எழுந்து வருவார் என்று நான் வாசலையே பார்த்தேன். வரவில்லை.

அத்தை மறுநாள் காலையில் துணிமூட்டையைக் கட்டினாள். அம்மா அழுதார், கையைப் பிடித்தார். "இல்ல மதினி, இருந்தா உங்களுக்கும் சேத்துப் பேசுவாக" என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டாள். பஸ் நிற்கிற இடம்வரை நான் கூடப் போனேன். தூரத்தில் பஸ் தூசி தெரிந்ததும் கேட்டாள்.

"அன்னிக்குத் தண்ணி கரிக்கலையாத்தா?"

"தெரியலை அத்தை."

அவள் என்னைப் பார்த்தாள். "சரி. சின்ன நாக்கு, என்ன தெரியும்" என்றாள். பஸ் ஏறிப் போய்விட்டாள்.

சித்திரையில் அறுப்பு. ஒரு ஏக்கர் சொச்சத்தில் ஒடித்த கதிரெல்லாம் பாதிக்கு மேல் சக்கை. தோலை உரித்தால் உள்ளே நாலு மணி, ஆறு மணி, பல் விழுந்த கிழவி மாதிரி. அய்யா ஒன்றை உரித்துப் பார்த்துவிட்டுக் குவியலில் எறிவார், அடுத்ததை உரிப்பார். கடைசியாகத்தான் கிழக்கு ஓரத்து ஆறு பாருக்கு வந்தார். அங்கே இலை கருகவில்லை. அத்தை போன பிறகு அம்மாதான் ஊருணிக்குப் போய் வருகிற வழியில் அந்தப் பார்களுக்குக் குட்டைத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார், யாரிடமும் சொல்லாமல். அய்யா ஒரு கதிரை ஒடித்து உரித்தார். ஆபீசர் பையிலிருந்த படத்தில் பார்த்த அதே கதிர். அடியிலிருந்து நுனிவரை ஒரு மணி குறையவில்லை.

அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நான் கூடையோடு பக்கத்தில் நின்றேன். கூடையைக் கீழே இறக்கி வைத்தேன்.

"அய்யா, அன்னிக்குத் தண்ணி கரிச்சது. நான் பொய் சொன்னேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கதிரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தெரியும்தா. நானும் குடிச்சேன்ல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பெறகு ஏன்யா நிறுத்தலை?"

"நிறுத்துனா அவ சொன்னது சரின்னு ஆயிரும்ல" என்றார்.

இதை இத்தனை வருசம் யோசித்திருக்கிறேன். என் அய்யா கெட்டவர் இல்லை. எங்களைப் பட்டினி போடாமல் காப்பாற்றியவர், யார் காசுக்கும் ஆசைப்படாதவர். ஊர் சிரித்துவிட்ட ஒரு பயிரை ஊர் பார்க்க விளைய வைக்க வேண்டும் என்று நினைத்தார். அதை அவரே விளைய வைத்ததாக இருக்க வேண்டும், வீட்டை விட்டு வந்த தங்கச்சி சொல்லி விளைந்ததாக இருக்கக் கூடாது. ஐந்து வீட்டுக் குடிதண்ணீர் போனது அந்த ஒரு எண்ணத்தில்தான். அதற்கு ஒரு பதினொரு வயதுப் பிள்ளை சொன்ன சொல் தோதாகக் கிடைத்தது. என்மேல் அவர் கோபப்படவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கதிரைக் கூடையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அத்தை எங்கே போனாள் என்று வைகாசியில்தான் தெரிந்தது. தொண்டிக்குப் போகிற வழியில், கடலுக்கு அரை மைல் உள்ளே, ஒரு தென்னந்தோப்பு. அதன் சொந்தக்காரர் தொண்டியில் ஒரு முஸ்லிம் பெரியவர். வாலிபத்தில் கப்பலில் வேலை பார்த்தவர் என்பதால் கப்பல்காரர் என்றே எல்லோரும் சொல்வார்கள். அவர் தோப்பில் தண்ணீர் பாய்ச்சுகிற வேலைக்கு அத்தை சேர்ந்திருந்தாள். அது ஆண்கள் பார்க்கிற வேலை. ஊரில் அதற்கும் பேசினார்கள். அய்யா காது கொடுக்கவில்லை, போய்ப் பார்க்கவும் இல்லை. அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் வேறு வழியாகச் சுற்றிப் போவார்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் நிறைந்தது, அய்யா நெல் போட்டார். கிணறு மட்டும் தேறவில்லை. அடுத்த மாசியில் ஆபீசர் சைக்கிளில் வந்தார். "உங்க தங்கச்சி கப்பல்காரர் தோப்புல தென்னைக்கு நடுவுல மக்காச்சோளம் போட்டிருக்கு. போய்ப் பாருங்க. நான் எங்க ஆபீஸ்ல இருந்து நாலு பேரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன்" என்றார். அய்யா சரி சரி என்று தலையாட்டினார். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், "கெளம்புத்தா" என்று என்னிடம் சொன்னார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

தோப்பு வாசலில் கப்பல்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கைலி, வெள்ளைத் தொப்பி. அய்யாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்க வாங்க. தங்கச்சி உள்ள தண்ணி பாய்ச்சுது. நான் கப்பல்ல இருந்த காலத்துல, சுத்தியும் தண்ணி, குடிக்கிறது ஆளுக்கு ரெண்டு குவளை. அளந்து குடுக்கிறதுக்குன்னு ஒருத்தன் இருப்பான். அவனுக்கு மேல கப்பல்ல அதிகாரி கிடையாது. இங்க அந்த வேலைக்கு உங்க தங்கச்சிதான். நானே இஞ்சின் போடணும்னா கேட்டுத்தான் போடணும். அல்ஹம்துலில்லாஹ், கெணறு நல்லா இருக்கு."

அய்யாவால் அவரை நேராகப் பார்க்க முடியவில்லை. "நல்லது பாய்" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே போனோம். தென்னை வரிசைக்கு நடுவில் பயிர் இடுப்பளவு நின்றது. பாரெல்லாம் காய்ந்த ஓலையும் மட்டைத் தூளும் பரப்பியிருந்தது. அத்தை சேலையைத் தூக்கிச் செருகி, மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றாள். எங்களைப் பார்த்தாள். மண்வெட்டியைக் கீழே போடவில்லை.

நான் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். பஸ் நிற்கிற இடத்தில் சொல்லாததைச் சொன்னேன், சொல்லச் சொல்ல அழுகை. அவள் ஈரக் கையால் என் முகத்தைத் துடைத்தாள். "அழுறதுன்னா அந்தாண்ட போயி அழு. பயிருக்கு உப்பு ஆகாது" என்றாள். அவள் குரலும் சரியாக இல்லை.

அய்யா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடி போட்டார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் நம் ஊர் ஆண்களுக்கு எங்கே இருந்தது? வீட்டுக்கு வா என்று கூப்பிடவும் அவருக்குத் தகுதி இல்லை என்று நினைத்திருப்பார். பயிரையும் ஈரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுத்த வயல்காரரிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"எத்தனை நாளைக்கு ஒரு தண்ணி குடுக்கிற?"

அத்தை முதலில் கையில் ஒட்டிய சேற்றை வழித்தாள். அவர் அவளைப் பார்த்துக் கேட்டார், பதிலுக்காக நின்றார். அப்படி அவர் நின்று நான் பார்த்ததே இல்லை.

"எட்டு நாளைக்கு ஒண்ணு. பூவெடுத்தா அஞ்சு நாளைக்கு ஒண்ணு. அதுவும் ஒரு சால் விட்டு ஒரு சால்" என்றாள். பிறகு மண்வெட்டியை அவர் பக்கம் நீட்டினாள். "அந்த மூணாவது வாய்மடையை அடைச்சிட்டு இங்கிட்டுத் திருப்பி விடண்ணே. எனக்கு இடுப்பு நோகுது."

அய்யா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அத்தை ஒரு தென்னையடியில் உட்கார்ந்து, கையை நீட்டி நீட்டிச் சொன்னாள். மத்தியானம்வரை அவள் கைகாட்டிய சாலுக்கெல்லாம் அவர் தண்ணீர் திருப்பினார். போதும் என்று அவள் சொன்ன இடத்தில் அடைத்தார். ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.